வெறும் குட்டிக்கரணமா?

கேள்வி: ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்களுக்கான ஃப்ளோர் எக்சர்சைஸ் பார்த்தேன். இசையும் இல்லை, நளினமும் இல்லை. மூலையிலிருந்து ஓடிவந்து குட்டிக்கரணம் அடிக்கிறார்கள், அடுத்த மூலைக்குப் போய் மறுபடியும் அதையே செய்கிறார்கள். பெண்களுக்கு இருக்கிறதே என்று ஆண்களுக்கும் ஒப்புக்குச் சேர்த்த போட்டியா இது? இதற்கெல்லாம் தங்கப் பதக்கம் எதற்கு?

பதில்: சேர்த்த கதையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதை நீங்கள் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். 1930இல் லக்ஸம்பர்க்கில் நடந்த உலகப் போட்டியிலேயே ஆண்களுக்கு ஃப்ளோரில் தனிப் பட்டம் உண்டு. யுகோஸ்லாவியாவின் யோசிப் பிரிமோசிச் அதை வென்றார். ஒலிம்பிக்கில் 1932, லாஸ் ஏஞ்சல்ஸ்; தங்கம் ஹங்கேரியின் இஸ்த்வான் பெல்லேவுக்கு. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்தப் பதக்கம் வந்தது 1952இல், ஹெல்சிங்கியில். இருபது வருடம் கழித்து! ஒப்புக்குச் சேர்த்தது என்று யாரையாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், ஆண்களைச் சொல்ல முடியாது.

சரி, குட்டிக்கரணத்துக்கு வருவோம். அதே லாஸ் ஏஞ்சல்ஸில் வெறும் குட்டிக்கரணத்துக்கென்றே தனியாக ஒரு போட்டி இருந்தது. டம்ப்ளிங் என்று பெயர். நீங்கள் எதை ஃப்ளோர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ, அது. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அமெரிக்கர்களே அள்ளினார்கள். ரோலண்ட் வுல்ஃப் என்ற பதினேழு வயதுப் பையனுக்குத் தங்கம். போட்டியிட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஃப்ளோரில் என்ன நடந்தது? ஹங்கேரி, சுவிட்சர்லாந்து, இத்தாலி. சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், அமெரிக்காவுக்கு ஒரு வெண்கலம்கூட இல்லை. இரண்டும் ஒன்றேயானால் இது எப்படி நடக்கும்?

டம்ப்ளிங் அதோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. கயிறு ஏறுதலும் போயிற்று. கர்லாக்கட்டை சுற்றுவதும் போயிற்று. ஆமாம், அதற்கும் அந்த வருடம் பதக்கம் இருந்தது. அதில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்தவர். பதக்கத்தோடு மைதானத்தைவிட்டு வெளியே வந்து, வழியில் போன வண்டியை நிறுத்தி லிஃப்ட் கேட்டு வீடு போனார் என்பார்கள். இத்தனையும் போன பிறகு ஃப்ளோர் மட்டும் தங்கியதற்குக் காரணம், அதில் தாவுவது ஒரு பகுதிதான் என்பது. நின்ற இடத்தில் உடம்பைக் கைகளால் தூக்கி, கால்களைத் தரையில் படாமல் நீட்டி, இரண்டு நொடி ஆடாமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கைகளை ஊன்றிக் கால்களை வட்டமாகச் சுழற்ற வேண்டும். முன்பக்கமும் பாய வேண்டும், பின்பக்கமும் பாய வேண்டும். பன்னிரண்டு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு கால் கோட்டைத் தாண்டினால் 0.1 போச்சு, இரண்டு காலும் தாண்டினால் 0.3. அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் மூலையில் நின்று நிதானமாக மூச்சு வாங்கினாலும் மதிப்பெண் குறையும். நீங்கள் டிவியில் பார்த்து ‘சும்மா நிற்கிறான்’ என்று நினைத்த அந்த நேரத்தில் அவனுடைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், அந்தத் தரை. அது தரையே இல்லை, அதுவும் ஒரு கருவி. 1932இல் திறந்தவெளி ஸ்டேடியத்தில் போட்டி; 1936இல் பெர்லினில் திறந்தவெளி அரங்கம், அங்கே சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் மியே தங்கம் வென்றார். 1948இல் லண்டனில் வெம்ப்ளி ஸ்டேடியத்தில்தான் நடத்துவதாக இருந்தார்கள், மழை வந்து கூரைக்குள் விரட்டியது. அந்தக் காலத்து ஆட்டக்காரர் எவ்வளவு உயரம் எழும்பினாலும் அது முழுக்க அவர் காலின் பலம். விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியது அவர் முட்டி. 1970களின் கடைசியில்தான் பலகைக்கு அடியில் ஸ்பிரிங், மேலே நுரை மெத்தை, அதற்கும் மேலே கம்பளம் என்று தரையே உந்தித் தள்ள ஆரம்பித்தது. அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. 1987இல் சோவியத்தின் வலேரி லியூகின் காற்றில் மூன்று முறை பின்பல்டி அடித்து இறங்கினார். 1992இல் பார்சிலோனாவில் சீனாவின் லீ ஷியாவ்ஷுவாங் அதே மூன்று சுற்றைப் போட்டுத் தங்கம் வாங்கினார். பிற்பாடு ரஷ்யாவின் நிகிதா நாகோர்னி அதையே முழங்காலை மடக்காமல், இடுப்பை மட்டும் மடித்துச் செய்து, தன் பெயரை அதற்கு வைத்துக்கொண்டார்.

இந்த ஓட்டத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1978இல் ஃப்ளோரில் உலக சாம்பியனான அமெரிக்கர் கர்ட் தாமஸ் கொண்டுவந்த ஒரு பல்டி உண்டு. காற்றில் சுழன்று, முறுக்கி, காலில் இறங்காமல் தோளோடு உருண்டு எழ வேண்டும். சுற்று கொஞ்சம் குறைந்தாலும் கழுத்துதான் முதலில் தரையைத் தொடும். அதைப் பெண்களிடமும் திணித்தார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால், 1980 ஜூலையில், உலக சாம்பியன் எலேனா முகினா பயிற்சியில் அதைச் செய்தபோது கழுத்து முறிந்தது. கால் எலும்பு முறிந்து சரியாக ஆறாமலே அவரைப் பயிற்சிக்கு இறக்கியிருந்தார்கள். வயது இருபது. வாழ்நாள் முழுக்க எழுந்து நடக்கவே இல்லை. பெண்களுக்கு அந்த வகைப் பல்டிகளைத் தடை செய்தார்கள். ஆண்களுக்குத் தடை வரப் பல காலம் ஆனது. இவ்வளவு தாமதத்துக்கு என்ன நியாயம் சொன்னாலும் எனக்கு ஏற்பில்லை.

இத்தனை சொன்ன பிறகு, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். ‘நளினம் இல்லை’ என்கிறீர்களே, அந்தப் பாதி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மதிப்பெண் போட்டதில் பெரிய குளறுபடி நடந்து, 2006இலிருந்து ‘பத்துக்குப் பத்து’ முறையையே தூக்கிவிட்டார்கள். இப்போது கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்நேர்த்திக்கு ஒரு மதிப்பெண். கடினத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வரம்பில்லாத பக்கம்தானே எல்லாரும் ஓடுவார்கள்? ஆகவே பல்டி கூடிற்று, பல்டிகளுக்கு நடுவில் இருந்த அழகு சுருங்கிற்று. 1996 அட்லாண்டாவில் கிரேக்கத்தின் மெலிசானிடிஸ், அந்த ஒலிம்பிக்கில் எல்லாக் கருவிகளையும் சேர்த்து, அதாவது ஆல்ரவுண்டில், சாம்பியனான லீ ஷியாவ்ஷுவாங்கையே ஃப்ளோரில் நூலிழையில் முந்தினார். கால் விரல் நுனிவரை கவனமாக இருந்த ஆட்டம் அது. முடிந்தால் தேடிப் பாருங்கள், நளினம் எங்கே என்ற கேள்விக்கு அதுவே பதில்.

ஆனால் கடினம் மட்டும் போதும் என்பதும் இன்னும் நடக்கவில்லை. ஜப்பானின் கென்ஸோ ஷிராய் 2013இல், பதினேழு வயதில், ஒரே பல்டியில் நான்கு முறை முறுக்கி உலகத்தை வாய் பிளக்க வைத்தவர். ஃப்ளோரில் மூன்று முறை உலக சாம்பியன். 2016 ரியோவில் அவருக்கு நான்காம் இடம். தங்கம் வாங்கியது யார் என்றால் பிரிட்டனின் மேக்ஸ் விட்லாக்; கைப்பிடி வைத்த கருவியின் மேல் கால்களைச் சுழற்றுகிற பாமல் ஹார்ஸுக்குப் பெயர் போனவர்! 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் ஆர்ட்டெம் டோல்கோப்யாட்டும் ஸ்பெயினின் ரே ஸபாட்டாவும் 14.933 என்று சமமாக நின்றார்கள். கடினம் 6.6 வைத்திருந்த டோல்கோப்யாட்டுக்குத் தங்கம், 6.5 வைத்திருந்த ஸபாட்டாவுக்கு வெள்ளி. ஆனால் 2024 பாரிஸில் சமமானபோது முதலில் பார்த்தது செய்நேர்த்தியை.

தங்கப் பதக்கம் எதற்கு என்ற கேள்வியை லாத்வியாவில் போய்க் கேளுங்கள். சுதந்திரம் பெற்றபின் அவர்களின் முதல் ஒலிம்பிக் தங்கமே 2000இல் இகோர்ஸ் விஹ்ரோவ்ஸ் ஃப்ளோரில் வாங்கியதுதான். பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ 2024இல் சரியாக 15.000 எடுத்து, டோல்கோப்யாட்டை 0.034இல் தோற்கடித்து, தன் நாட்டுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் முதல் தங்கம் கொண்டுபோனார். மறுநாள் ஓடிவந்து கருவியைத் தாண்டும் வால்ட்டிலும் ஒன்று வாங்கினார் என்பது வேறு விஷயம்.

இசை? வேண்டாம் என்பேன். பாட்டு ஓடினால் ஆட்டக்காரரின் தடுமாற்றத்தைத் தாளம் மூடிவிடும். இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாக விழுந்ததா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது இப்போது காதிலேயே விழுகிறது. அடுத்த முறை டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள்.