இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழையபடி நடமாட முடியுமா?

அம்மாவுக்கு 62 வயது, இடுப்பு மூட்டை மாற்றச் சொல்கிறார்கள், அப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே இருக்கும். தேய்ந்த எலும்புகள் உரசும் வலிதான் நடையையும் தூக்கத்தையும் கெடுக்கிறது. அந்த இடத்தையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தும் கிண்ணமும் பொருத்துவதால் பழைய வலி சீக்கிரம் போய்விடும். அன்றைக்கோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். தொடைத் தசைகள் வலுப்பெறத்தான் மாதங்கள் ஆகும். பிசியோதெரபியை இடையில் விட்டுவிடாதீர்கள்.

நம் வீடுகளில் உண்மையான சிக்கல் தரைதான். சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குத்துக்காலிட்டு அரிவாள்மணையில் காய் நறுக்குவது, இந்தியக் கழிப்பறை எல்லாமே இடுப்பை அதிகம் மடக்க வைப்பவை. முதல் சில வாரங்களில், குறிப்பாகப் பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், இப்படி மடக்கும்போது பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். அதனால் வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, உயரமான நாற்காலி ஆகியவற்றை அறுவைக்கு முன்பே தயார் செய்யுங்கள். கீழே விழுந்த சாவியைச் சட்டென்று குனிந்து எடுக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். தரையில் உட்காருவதைப் பிற்பாடு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

எத்தனை வருடம் உழைக்கும்? 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, சுமார் 58 சதவீத மூட்டுகள் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. அம்மாவின் வயதுக்கு இது நல்ல செய்தி.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலுடன் தையலில் நீர் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.