கையெழுத்துப் போடலாமா, அக்கா?

"அக்கா, எங்கள் மகனுக்கு 14 வயது. ஒன்றரை வருடமாக நீலாய் வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய அரங்கில்) சைக்கிள் ஓட்டுகிறான். இப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கும் விளையாட்டுப் பள்ளிக்கான படிவம் கொடுத்திருக்கிறார்கள். நம் மலேசிய சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் மாதிரி வர வேண்டுமாம். 'சைக்கிள் ஓட்டிச் சோறு தின்ன முடியுமா?' என்கிறார் அவன் அப்பா. எனக்கு வேறு பயம். அசிசுலின் காலில் மரக்கட்டை குத்தி நிற்கும் படத்தை என் தங்கை போனில் காட்டினாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. பையன் வகுப்பிலேயே குள்ளம் வேறு. கையெழுத்துப் போடலாமா?"
— பெயர் வேண்டாம், சிரம்பான்

அன்புத் தங்கைக்கு,

அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். அது 2011 பிப்ரவரியில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணக் கெய்ரின் போட்டி (மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால் ஓடத் தொடங்கி, அது விலகியதும் முந்தப் பார்க்கும் பந்தயம்). முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் சைக்கிள்கள் மோதிக்கொண்டன. அசிசுல் தடத்தில் விழுந்து சறுக்கிக்கொண்டு போனார். உள்ளரங்குத் தடம் முழுக்க மரப்பலகை என்பது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து பெயர்ந்த சுமார் 20 சென்டிமீட்டர் நீளச் சிராய் ஒன்று அவர் கெண்டைக்காலில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்து நின்றது. அந்தக் காலோடு எழுந்து, சைக்கிளில் ஏறி, கோட்டைத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். அதன் பிறகுதான் கீழே படுத்தார்.

உங்கள் தங்கை காட்டாத மிச்சத்தை நான் சொல்கிறேன். அதற்கப்புறமும் அவர் பல வருடம் ஓட்டினார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2017இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. மொத்தம் ஐந்து ஒலிம்பிக். அந்தக் காயத்தோடு அவர் கதை முடியவில்லை.

ஆனால் விழுவதே கிடையாது என்று உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். தடச் சைக்கிளுக்கு பிரேக் இல்லை. பின்சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும், காலை நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. 250 மீட்டர் தடத்தின் வளைவு சுமார் 42 பாகை சாய்ந்திருக்கும். உலகத்தரமான ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேகப் பந்தய) வீரர்கள் அதில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிப் போவார்கள். ஒருமுறை நீலாயில் பையன்கள் பயிற்சி செய்வதை உள்வட்டத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் நம்மைக் கடக்கும்போது பலகை கடகடவென்று அதிர்கிறது, முகத்தில் காற்று அடிக்கிறது. ஒரு பையன் வளைவில் வேகம் குறைந்து வழுக்கி விழுந்தான். தொடையில் தோல் உரிந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவந்துவிட்டது. கூட ஓட்டும் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன இடுக்கியால் சிராயை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்! எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் 11 உலகப் பட்டங்கள் வென்றவர். 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் தங்கம். 2018 ஜூன் மாதம் கோட்புஸ் நகரில் சாதாரணப் பயிற்சி நாள் ஒன்றில், தடத்தில் இருந்த இன்னொரு வீரர்மேல் வேகத்தில் மோதினார். முதுகுத்தண்டு அறுந்தது. இனி நடக்க முடியாது என்றாகிவிட்டது. இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனாலும் நடந்திருக்கிறது, நீங்கள் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். அவருக்கு அது நேர்ந்தது போட்டியில் அல்ல, பயிற்சியில் என்பதைக் கவனியுங்கள். அதனால் பயிற்றுநரைப் பார்க்கும்போது உங்கள் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: "ஒரே நேரத்தில் தடத்தில் எத்தனை பேரை விடுகிறீர்கள்? மெதுவாகப் போகிறவர்களையும் வேகமாகப் போகிறவர்களையும் யார் பிரித்து நிறுத்துகிறார்கள்?" பதில் தெளிவாக வந்தால் நல்லது. முகம் சுளித்தால், அந்த இடம் வேண்டாம்.

அடுத்து, உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, அவரிடம் கோபப்படாதீர்கள்.

தடச் சைக்கிளோட்டத்தை முழுநேரத் தொழிலாக வைத்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்பது ஜப்பானில்தான். 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின் அங்கே அரசு அனுமதித்த பந்தயம். வீரர்கள்மேல் மக்கள் பந்தயப் பணம் கட்டுகிறார்கள், 2,000 பேருக்கு மேல் அதில் தொழில்முறை வீரர்கள். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோ அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் அது அவர்கள் நாட்டு ஏற்பாடு. வெளிநாட்டவர் அழைப்பின் பேரில் கொஞ்ச காலம் போய் ஓட்டலாம், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் அரசுதான் சம்பளம் தருகிறது. ஃபோகல் ஜெர்மன் மத்தியக் காவல்துறையில் வேலையில் இருந்துகொண்டுதான் ஓட்டினார். நம் நாட்டில் தேசிய விளையாட்டு மன்றத்தின் திட்டத்துக்குள் வந்தால் மாத உதவித்தொகை, பயிற்சி, பயணச் செலவு எல்லாம் உண்டு. ஒலிம்பிக் வெள்ளி வென்றால் 3 லட்சம் ரிங்கிட் பரிசும் மாதம் 3,000 ரிங்கிட் ஓய்வூதியமும், வெண்கலத்துக்கு 1 லட்சமும் மாதம் 2,000மும் என்று அரசு வைத்திருக்கிறது. நல்ல தொகைதான். ஆனால் அசிசுலுக்கு முன்னால் சைக்கிளோட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற மலேசியர் ஒருவர்கூட இல்லை. பதக்கப் பணத்தை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள்.

அதனால்தான் படிப்பை விடக்கூடாது என்கிறேன். மெல்பர்னில் பயிற்சி எடுத்த வருடங்களில் அசிசுல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். உங்கள் மகனின் ஆசையைவிட அவன் நேர அட்டவணையை உற்றுப் பாருங்கள். காலையில் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி என்றால் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வருடத்தில் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்? போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும் பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தை யார் நடத்துவார்கள்? கையெழுத்துக்கு முன்னால் இதைப் பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய சந்தேகத்தை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

உயரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் கவலையே வேண்டாம். திரெங்கானுவில் டுங்குன் என்ற சிறிய ஊரில் பிறந்த அசிசுலும் குள்ளமானவர்தான், ஆறடி ஐரோப்பியர்கள் நடுவில் சின்னவராகத்தான் தெரிவார். 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று பட்டப்பெயரே அதனால்தான் வந்தது. 14 வயதில் உயரத்தைப் பார்த்து ஒரு பையனை யாராவது ஒதுக்கினால், அவர் அவசரப்படுகிறார் என்றுதான் நான் சொல்வேன்.

நெஞ்சு வேறு விஷயம். 2022இல், 34 வயதில், அசிசுலுக்குத் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருந்தது. இத்தனை வருடம் அந்த நெஞ்சோடுதான் உலகத்தின் முதல்தர வீரர்களோடு மோதியிருக்கிறார்! பிறகு மீண்டும் ஓட்டி பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். உங்கள் மகனை ஒரு இதய மருத்துவரிடம் காட்டி, இவ்வளவு கடுமையான பயிற்சி எடுக்கப் போகிறான் என்று சொல்லிப் பரிசோதியுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அவனிடமும் சொல்லி வையுங்கள். இந்த வயதுப் பையன்கள் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைப்பார்கள்.

தங்கச்சி, எனக்கு இதில் பெரிய கவலை சிராய் இல்லை. பாரிஸில் நடந்ததைச் சொல்கிறேன். கெய்ரினில் முதல் மூன்று சுற்றுக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று முன்னால் போகும். அது விலகும் முன்பு யாரும் முந்தக்கூடாது. 2024 ஆகஸ்டில், முதல் கட்டப் போட்டியிலேயே, அதை முன்கூட்டியே முந்திவிட்டார் என்று அசிசுலைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 36 வயது. அறுவை சிகிச்சை, குடும்பத்தோடு வெளியூர் வாழ்க்கை, மூன்று வருட உழைப்பு எல்லாம் சில நொடியில் போயிற்று. பதக்கம் வென்ற நாட்களைவிட இப்படிப்பட்ட நாட்கள்தான் இந்த வாழ்க்கையில் அதிகம். காலையில் கால் வலியோடு எழுந்து, போன வாரத்தைவிடப் பத்தில் ஒரு நொடி குறையவில்லையே என்று தனியாக விடுதியில் உட்கார்ந்திருக்கும் நாட்கள். அந்த நாளில் உங்கள் மகன் யாருக்குப் போன் போடுவான்?

என் பதில்: கையெழுத்துப் போடுங்கள். ஒன்றரை வருடம் பிரேக் இல்லாத சைக்கிளில் ஓட்டி, விழுந்து, மறுநாளும் போகிற பிள்ளையின் ஆசை விளையாட்டுப் பேச்சு இல்லை. மருத்துவரின் பேச்சும் பள்ளியின் பதிலும் கைக்கு வந்த பிறகு போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை நீலாய்க்குப் போய், அவனுக்குத் தெரியாமல் மேலே பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பாருங்கள். வேகமாகப் போகும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். தோற்றுவிட்டு இறங்கி, சைக்கிளைத் துடைக்கும்போது பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா