பஸ் வீட்டுக்கு உள்சுவர்: ஒரு பட்டறைக்காரரின் பதில்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் 14 வருஷம் இருந்தேன். இப்போது அரியாங்குப்பம் பக்கம் சொந்தமாகச் சின்னப் பட்டறை. பழைய பஸ்ஸை வீடாக்கித் தரச் சொல்லி இதுவரை 6 பேர் வந்தார்கள். அதில் இரண்டு பஸ் ஓடுகிறது, மற்ற நான்கும் தோப்பில் நிற்கின்றன. உள்சுவருக்கு எதைப் போடுவது என்று கேட்டவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, 12 மி.மீ. பிளைவுட், ஜிப்சம் போர்டு, பி.வி.சி. பேனல் மூன்றுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். எதை வாங்கட்டும்? பஸ் ஓடப்போகிறது. (கடலூர் முதுநகர்)

ஜிப்சத்தை இப்போதே மறந்துவிடுங்கள் தம்பி. நாலு வேகத்தடை ஏறி இறங்கினால் இணைப்பில் விரிசல் விடும், ஈரம் பட்டால் மாவாகிவிடும். எடையும் அதிகம். பெரிய பஸ்ஸுக்குச் சுவரும் கூரையுமாக 8-க்கு 4 அடி ஷீட் 18 பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஜிப்சம் போட்டால் கிட்டத்தட்ட 450 கிலோ. 12 மி.மீ. பிளைவுட்டும் சளைத்ததல்ல, ஒரு ஷீட் 24 கிலோ வீதம் 430 கிலோவைத் தாண்டும். 6 மி.மீ. போட்டால் அதில் பாதிதான். சுவருக்கு அதுவே போதும். ரிப் என்பது பஸ்ஸின் விலா எலும்பு மாதிரி நிற்கும் இரும்புச் சட்டம். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் குறுக்கே ஒரு பட்டை வையுங்கள், தட்டினால் டொம்மென்று அடிக்காது. அலமாரி மாட்டும் இடத்துக்கு மட்டும் 12.

வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளையாகப் பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு துண்டு வெட்டி வந்து நாலு மணி நேரம் வெந்நீரில் கொதிக்க விடுங்கள். போலியாக இருந்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வரும்.

பி.வி.சி. பேனல் எடை குறைவு, ஈரத்துக்கும் அஞ்சாது. ஆனால் கத்திரி வெயிலில் பூட்டிக் கிடக்கும் பஸ்ஸுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 30 டிகிரி ஏறினால் 3 மீட்டர் பேனல் 5 மி.மீ. வரை நீளும். இரண்டு முனையையும் இறுக்கி அடித்தால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். தீப்பிடித்தால் அதன் புகை மூச்சை அடைக்கும். கழிவறைக்குப் போடலாம், படுக்கும் இடத்துக்கு நான் போடமாட்டேன்.

சார், வெளிநாட்டு வீடியோக்களில் வெப்பத் தடுப்புக்கு மேல் உள்பக்கமாக பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிவிட்டு, அதற்கு மேல் சுவர்ப் பலகை அடிக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமா? (லாஸ்பேட்டை)

செய்து பட்டவன் சொல்கிறேன், வேண்டாம்.

என் முதல் பஸ் வீட்டில் நானும் அதைத்தான் செய்தேன். வெப்பத் தடுப்புக்கு கிளாஸ் வுல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் பளபளவென்று பாலிஷ் போட்ட பிளைவுட். 2024 சித்திரையில் கொடுத்தேன். தவளக்குப்பம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினார்கள், கோடை முழுக்க ஏ.சி. ஓடியது. நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. தை மாதம் அவர் கூப்பிட்டு, "உள்ளே நனைந்த கோணி நாற்றம் அடிக்குது" என்றார். சுவர் பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையைக் கழற்றினேன். பிளாஸ்டிக்கின் பின்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். கிளாஸ் வுல் பாதிக்கு மேல் சரிந்து, பிழியாத துணி மாதிரி அடியில் கிடந்தது. ரிப்பாக நிற்கும் ஸ்கொயர் டியூபில் விரலை வைத்தால் துரு பொருக்காக உதிர்ந்தது.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் கதகதப்பு, வெளியே பனி. ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் உள்பக்கம் தடுக்கிறார்கள். நம்ம கடற்கரையில் எல்லாம் தலைகீழ். வெளிக்காற்றில்தான் ஈரம், ஏ.சி. போட்டால் உள்சுவர்தான் குளிர்ச்சி. வெளிக்காற்று இடுக்கு வழியாக நுழைந்து, அந்தப் பிளாஸ்டிக்கில் மோதித் தண்ணீராகிறது. போதாக்குறைக்கு ஜன்னல் ரப்பர் வழியாக மழைநீரும் இறங்கியது, காய வழியில்லை.

இப்போது நான் செய்வது: தகட்டின் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, பின்பக்கம் பசை உள்ள நைட்ரைல் ரப்பர் ஷீட்டை வெளித்தகட்டிலேயே குமிழி இல்லாமல் ஒட்டிவிடுவேன். மார்கழிப் பனியில் கூரைத் தகடு வேர்ப்பதும் இதில் நிற்கும். அதற்கும் உள்பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. பிளாஸ்டிக் கிடையாது.

வீட்டில் தெர்மாகோல் நிறைய கிடக்கிறது, அதை அடைக்கலாமா? (ரெட்டிச்சாவடி)

வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பி.வி.சி. வயர் தெர்மாகோலை ஒட்டியே கிடந்தால், வயர் உறையின் மெதுத்தன்மையை அது உறிஞ்சிவிடும். நாளாக ஆக உறை விறைத்து வெடிக்கும். எதை அடைத்தாலும் வயரைக் குழாய்க்குள் விட்டு எடுங்கள்.

நாங்கள் இருப்பது குயிலாப்பாளையம். பஸ் இனி நகராது, முந்திரித் தோப்பில் நிற்கிறது. மூங்கில், கோரைப்பாய், மண் பூச்சு என்று இயற்கையாகச் செய்ய ஆசை.

நிற்கும் பஸ் என்றால் எடைக் கவலை பாதி குறைந்தது, ஆசைப்படலாம். மண் பூச்சைத் தகட்டில் நேராக அப்பினால் உரிந்து விழும். ரிப்பில் கம்பி வலை அடித்து அதன் மேல் பூச வேண்டும், அதுவும் ஜன்னலுக்கு மேலே மட்டும். கீழே சாரல் தெறிக்கும். மூங்கிலைப் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைக்காமல் வாங்கினால் ஒரு வருஷத்தில் உளுத்து, தரையில் மாவு கொட்டும். கோரைப்பாய் கூரைக்கு அழகு. ஆனால் ஒட்டாதீர்கள், பட்டை வைத்து ஸ்குரூ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடித்தால் கழற்றி வெயிலில் போடலாம்.

மாமா, எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை எண்ணெய் கிடைக்கும். படகுக்கு அடிப்பார்களே, பலகைக்கு அடிக்கலாமா? (பண்ருட்டி)

தரைப் பலகையின் அடிப்பக்கத்துக்கு அடி மாப்பிள்ளை, கரையானும் பூச்சியும் கிட்டே வராது. கையுறை போட்டுக்கொள், தோலில் பட்டால் புண்ணாகிவிடும். சுவரின் உள்முகத்துக்கு மட்டும் வேண்டாம்.

அடுப்புப் பக்கச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டலாமா அண்ணா? தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்குமே. (வில்லியனூர்)

ஓடும் பஸ்ஸில் டைல்ஸ் நிற்காதும்மா. 6 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு வைத்து, அதன் முன்னால் சின்ன இடைவெளி விட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. துடைத்தால் போய்விடும். இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய ஏ.சி.பி. ஷீட்டைச் சிலர் சொல்வார்கள். சாதா ஷீட்டின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக், அடுப்படிக்கு ஆகாது. அப்புறம், சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் அடியில் காற்றுத் துவாரம் விடச் சொல்லுங்கள்.

ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டுமா? (நெல்லிக்குப்பம்)

ரோட்டில் ஓட்டுவதானால் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வீட்டு வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தர நிர்ணயம் உண்டு. பலகை வாங்கும் முன்பே போய்க் கேளுங்கள். வண்டிக்குள் போடும் பொருளுக்குத் தீப்பரவல் சோதனை ஐ.எஸ். 15061. கடைக்காரரிடம் அந்தச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய உள்தகடு நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றாமல் அதன் மேலேயே பிளைவுட் அடித்தால் கூலி மிச்சம்தானே? ஸ்குரூ சாதாரணமானது போதுமா? (தேவனாம்பட்டினம்)

தேவனாம்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு சாதா ஸ்குரூ என்கிறீர்களே! அந்த உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் 316 போடுங்கள். வெளித்தகடு அலுமினியம், ரிப் இரும்பு என்றால் இரண்டும் தொடும் இடத்தில் ரப்பர் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். உள்பலகைக்கும் அதே டேப்தான், ஓடும்போது கிரீச் சத்தம் வராது.

உள்தகட்டைப் பற்றி இங்கிருந்தே எதுவும் சொல்ல முடியாது. ஜன்னலுக்குக் கீழே டிரைவர் பக்கம் ஒன்று, கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு தகட்டின் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்து, ரிப்பின் அடிமுனையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டரைக் கூப்பிடுங்கள். இறங்காவிட்டால் படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்.