யாவ்லின்ஸ்கி ரஷ்யச் சீர்திருத்தங்களைக் குறை சொன்னது நியாயமா? நியாயம் என்றால் ஏன் அவர் ஜெயிக்கவே இல்லை?

கேட்டவர் அனேகமாகத் தேர்வுக்குப் படிக்கும் பொருளாதார மாணவர். 'அதிர்ச்சி வைத்தியம்' (அரசுப் பொருளாதாரத்தை ஒரே அடியில் சந்தைக்கு மாற்றுவது) என்ற பாடத்தின் ஓரத்தில், ரஷ்யப் பொருளாதார நிபுணரும் அரசியல்வாதியுமான கிரிகோரி யாவ்லின்ஸ்கி பெயரை ஒரு வரியில் பார்த்திருப்பீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. 1990 செப்டம்பர் முதல் 1996 வரை மாஸ்கோவில் பொறியியல் படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ யார் சொல்வதற்கு" என்று யாராவது வருவார்கள். கம்யூனிஸ்டும் இல்லை. ரஷ்யாவில் படித்தவன் என்றாலே இங்கே சிவப்புத் துண்டு போர்த்திவிடுகிறார்கள்.

நான் போய் இறங்கிய மாதம் மாஸ்கோவில் எல்லோர் வாயிலும் '500 நாள் திட்டம்'. சோவியத் பொருளாதாரத்தை 500 நாளில் சந்தைக்கு மாற்றும் திட்டம் அது. ஷடாலின் என்ற பொருளாதார நிபுணர் தலைமையில் ஒரு குழு எழுதியது, அதன் முக்கிய மூளை 38 வயது யாவ்லின்ஸ்கி. கோர்பசேவ் முதலில் தலையாட்டினார், அப்புறம் அக்டோபரில் பின்வாங்கினார். யாவ்லின்ஸ்கி ரஷ்யக் குடியரசின் துணைப் பிரதமர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது இதெல்லாம் புரியவில்லை. புரிய வைத்தது எங்கள் விடுதி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி. எல்லோருக்கும் அவர் பாபுஷ்காதான். ஜிகுலி கார் வாங்க வேண்டும் என்று பல வருடங்களாக நாலாயிரம் ரூபிளுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். காருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் பணம் இருக்கிறது, வாங்கப் பொருள் இல்லை. நாடு முழுக்க அதே கதைதான். அவர் மகன் அரசு லாரி டிப்போவில் காமாஸ் லாரி ஓட்டினார்.

நான் நாமக்கல்காரன். அப்பா கிளீனராக ஆரம்பித்து, டிரைவராகி, இரண்டு பேரோடு பங்கு போட்டு ஒரு பழைய லாரி வாங்கியவர். இதை நான் அரைகுறை ரஷ்ய மொழியில் சொன்னபோது பாபுஷ்கா நம்பவில்லை. "டிரைவருக்கு லாரி சொந்தமா? அப்போ டிப்போவில் என்ன நிற்கும்?" என்று கேட்டார்.

யாவ்லின்ஸ்கி சொன்னதன் சாரம் இந்த லாரிதான். ஜனங்கள் கையில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு முதலில் லாரி, சின்னக் கடை, சலூன், துண்டு நிலம் என்று விற்றுவிடு. பணமும் கரையும், சொந்தக்காரர்களும் உருவாவார்கள். பெரிய ஏகபோகங்களை உடை. அதற்குப் பிறகு விலைக் கட்டுப்பாட்டை எடு. அவர் சந்தைக்கு எதிரி இல்லை, சண்டை எது முன், எது பின் என்பதில்தான்.

நடந்தது தலைகீழ். 1991 ஜனவரி 22 இரவு, 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது, மாற்ற மூன்று நாள் என்று அறிவித்தார்கள். (2016 நவம்பரில் வங்கி வரிசையில் நின்றபோது எனக்கு அந்தக் குளிர்தான் ஞாபகம் வந்தது.) 1992 ஜனவரி 2இல், யெல்ட்சின் அரசில் சீர்திருத்தங்களை நடத்திய யெகோர் கைதார் விலைகளை அவிழ்த்துவிட்டார். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி சுமார் 26 மடங்கு. வருடக் கடைசியில் பாபுஷ்கா கார் பணத்தை எடுத்து ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ் வாங்கினார். அழவில்லை. பூட்ஸ் அளவு கொஞ்சம் பெரிது என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் வவுச்சர் வந்தது, அதாவது அரசு நிறுவனங்களின் பங்கு வாங்க ஜனங்களுக்குக் கொடுத்த சீட்டு. ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்பு; ஒன்றுக்கு இரண்டு வோல்கா கார் மதிப்பு வரும் என்றார் தனியார்மயத்தை நடத்திய அனதோலி சுபாய்ஸ். பாபுஷ்கா தன்னுடையதை ஏதோ ஒரு முதலீட்டு நிதியில் கொடுத்தார், ரசீது மட்டும் மிஞ்சியது. டிப்போவின் பங்குகள் ஒவ்வொன்றாக இயக்குநர் கைக்குப் போயின. மகன் அதே காமாஸைத்தான் ஓட்டினார், முதலாளிதான் வேறு.

கைதார் ஆதரவாளர்கள் பாடம் எடுக்க வர வேண்டாம், எனக்கும் தெரியும். 1991 டிசம்பரில் கடைகளில் ஊறுகாய் ஜாடியைத் தவிர ஒன்றும் இல்லை; ஜனவரி பிறந்ததும் பொருள் வந்ததை நானே பார்த்தேன். கஜானா காலி, சோவியத் நாடே கலைந்துவிட்டது. யாவ்லின்ஸ்கி திட்டமோ சோவியத் குடியரசுகள் ஒரே பொருளாதாரமாகச் சேர்ந்திருக்கும் என்று நம்பிப் போட்டது. அது நடைமுறையில் எப்படிப் போயிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. செய்து பார்க்காதவரின் கணக்கு என்றைக்கும் தப்பாது.

ஆனால் 1995இல் 'கடனுக்குப் பங்கு' என்று, அரசு வாங்கிய கடனுக்கு ஈடாக நோரில்ஸ்க் நிக்கல், யூகோஸ் எண்ணெய் நிறுவனம் போன்றவற்றை வங்கிக்காரர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தபோது யாவ்லின்ஸ்கி சொன்னதை மறுக்க முடியவில்லை. இப்படி வந்த சொத்தை ஜனங்கள் நியாயமானதாக ஏற்க மாட்டார்கள், அதனால் முதலாளிகள் எப்போதும் கிரெம்ளின் தயவில்தான் இருக்க வேண்டிவரும் என்றார். 2003இல் யூகோஸ் முதலாளி ஹோதர்கோவ்ஸ்கியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். (அவரிடம் யாவ்லின்ஸ்கி கட்சியும் நிதி வாங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டுமே.)

நடுவில் என் வயிற்றெரிச்சல் ஒன்று. ஆறு வருடம் படித்து வாங்கிய பட்டத்துக்கு இங்கே ஓர் அலுவலகத்தில் சமநிலைச் சான்றிதழ் வாங்க 14 மாதம் அலைந்தேன். "ரஷ்யாவில் காசு கொடுத்தால் பட்டம் தருவார்களாமே" என்று சிரித்தவர், சான்றிதழைக் கையில் தர என்ன கேட்டார் என்று எழுதினால் இந்தப் பதிலை நீக்கிவிடுவார்கள்.

சரி, ஏன் ஜெயிக்கவில்லை? யாரோடும் சேரமாட்டார் என்பது என் கணிப்பு. அவர் கட்சி யாப்லகா, ஆப்பிள் என்று அர்த்தம், அறிவாளிகள் கட்சி என்றே பெயர். 1996 அதிபர் தேர்தலில் 7.3 சதவீதம், நாலாவது இடம். 2003இல் நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கத் தேவையான 5 சதவீத வாக்கைத் தாண்டாமல் கட்சி நாடாளுமன்றத்துக்கு வெளியே போனது. 2018இல் அவருக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல்.

1996 ஜூன் 16, முதல் சுற்று வாக்குப்பதிவு. நான் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பாபுஷ்கா கம்யூனிஸ்ட் ஸ்யுகானோவுக்குப் போட்டார். மகன், அவர்கள் திரும்பி வந்தால் இருக்கிறதும் போய்விடும் என்று பயந்து அப்போதைய அதிபர் யெல்ட்சினுக்கு. யாவ்லின்ஸ்கிக்குப் போட்டதாகச் சொன்னவர் எங்கள் நூலகர் ஒருவர்தான். அவருக்கு மார்ச் மாதத்திலிருந்து சம்பளம் வரவில்லை.