மயக்க மருந்து கொடுத்தால் அம்மா கண் விழிப்பாரா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பித்தப்பைக் கல்லை லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை போட்டு) எடுக்க அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பல வருஷமாக சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். "இந்த வயசுல மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பாளா?" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆபத்தே கிடையாது என்று எந்த மயக்க மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் மருந்தைவிட, எங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான் எங்களை அதிகம் படுத்தும்.

முதுகு ஊசியை முதலில் பார்த்துவிடலாம். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். விழித்திருப்பவருக்கு மூச்சு முட்டும், தோள்பட்டை வலிக்கும். அதனால் முழு மயக்கம் கொடுத்து, குழாய் வழியாக மூச்சை எங்கள் கையில் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பெயரைச் சொன்னால் போதாது, அட்டையையே கொண்டுவாருங்கள். சுகர் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையில் இது ஒளிந்திருக்கும். பட்டினியோடு இந்த மருந்தும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளுக்கோமீட்டரில் சுகர் சாதாரணமாகவே காட்டும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். பொதுவாக 3 நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வோம். பிரஷர் மாத்திரையில் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகையைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரில் போட வேண்டும். டெல்மிசார்ட்டன் வகையையோ பல நேரம் முந்தைய நாளே நிறுத்திவிடுவோம். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். எதை நிறுத்துவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்.

சாப்பாட்டில்தான் வீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கெடுப்பார்கள். "பாவம், சுகர்காரி, அரை டம்ளர் காபிதானே" என்பார்கள். பால் கலந்ததெல்லாம் எங்கள் கணக்கில் சாப்பாடுதான். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இட்லி போன்ற லேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரத்துக்கும் அசைவத்துக்கும் 8, வெறும் தண்ணீருக்கு 2. தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப் போனால் போகட்டும்.

உள்ளே போனதும் "உங்க பேரென்ன, என்ன ஆபரேஷன்?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அம்மா எரிச்சல்படாமல் சொல்லட்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. புது டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

மயக்க மருந்து கொடுத்துவிட்டு நாங்கள் போய்விடுவதில்லை, முடியும்வரை தலைமாட்டிலேயே இருப்போம். விரலில் மாட்டும் கிளிப் நாடித்துடிப்புக்கு ஒன்றாக 'டிக்' சத்தம் போடும். ஆக்சிஜன் குறைந்தால் அதன் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே காது பிடித்துவிடும். நகப்பூச்சு, அடர்த்தியான மருதாணி இருந்தால் கிளிப் தடுமாறலாம். விரலில் மருதாணி வேண்டாம், நகப்பூச்சைத் துடைத்துவிடுங்கள். பல் செட்டைக் கழற்றிவிடுங்கள், ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள்.

பிறகு ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும், வாந்தி உணர்வும் தோள்வலியும் வரலாம். அம்மாவுக்குப் பலத்த குறட்டை உண்டென்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். அன்று இரவு ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்வோம். எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மூச்சு மெதுவானால், தூங்கட்டும் என்று விடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.