பதில்: லைனை எடுத்ததும் குரல் கரகரக்கிறது, எதிரொலியும் வருகிறது

தொலைபேசி லைனை எடுக்கும் உங்கள் சுற்றில் குரல் கரகரப்பதாகவும் எதிரொலிப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். 600:600 டிரான்ஸ்ஃபார்மரை (இருபுறமும் 600 ஓம் உள்ளது) லைனில் நேராகப் போட்டிருக்கிறீர்கள். கரகரப்புக்கு அதுதான் காரணம். லைனை எடுத்ததும் 20 முதல் 40 மில்லியாம்ப் டிசி (நேர் மின்னோட்டம்) அதன் வழியே ஓடுகிறது. அதன் சின்ன கோர் (உள்ளிருக்கும் காந்தக் கரு) காந்தத்தால் செறிந்துபோய்க் குரல் அலையின் தலை வெட்டுப்படுகிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டாம். டிசிக்குத் தனி வழி கொடுங்கள்.

லைனை எடுக்கும் ரிலேக்குப் பின் நான்கு 1என்4007 டயோடுகளில் பிரிட்ஜ் (லைன் முனைகள் மாறினாலும் பிளஸ், மைனஸ் மாறாமல் தருவது). அதன் பிளஸில் டிஐபி122 டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டரிலிருந்து 47 ஓம் மைனஸுக்கு. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 22கே (கிலோ ஓம்), பேஸிலிருந்து மைனஸுக்கு 10கே, அதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட். இந்தக் கெப்பாசிட்டர்தான் உயிர்: டிசி ஓடும், ஆனால் இது இருப்பதால் குரலுக்கு இந்தச் சுற்று பெரிய மின்தடையாகவே தெரியும். பிரிட்ஜின் குறுக்கே 15 வோல்ட், 5 வாட் ஜீனர் (அந்த வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத டயோடு) கட்டாயம். எடுத்த கணத்தில் பேஸ் மெதுவாக ஏறும். அதற்குள் 48 வோல்ட்டும், மணி அடிக்கும்போது எடுத்தால் அதற்கு மேலும், டிரான்சிஸ்டர் மேல் ஏறிவிடும். டிரான்ஸ்ஃபார்மரை 10 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெப்பாசிட்டர் வழியாக இந்தப் பிரிட்ஜின் குறுக்கே இணையுங்கள். பிளஸ் முனை பிரிட்ஜின் பிளஸுக்கு.

எடுத்தபின் பிரிட்ஜில் 8 முதல் 12 வோல்ட் வரை இருந்தால் சரி.

எதிரொலி வேறு கதை. ஹைப்ரிட்டின் (போகும் குரலையும் வரும் குரலையும் பிரிக்கும் சுற்று) சமன் கிளையில் (லைனைப் போலவே நடந்துகொள்ள வேண்டிய பகுதி) வெறும் 600 ஓம் நீளமான கேபிளுக்குப் பொருந்தாது. 270 ஓமுடன் தொடராக, 750 ஓமும் 150 நானோஃபாரடும் இணையாகப் போட்டுப் பாருங்கள். முதலில் உள் பரிமாற்றி (அலுவலகத்துக்குள் மட்டும் இயங்கும் இணைப்பகம்) எக்ஸ்டென்ஷனில் சோதியுங்கள், பொது லைனில் வேண்டாம்.