பொட்டலத்தின் எடை நேராக எக்ஸெலில் ஏற

கேள்வி: வீட்டில் மசாலாப் பொடி அரைத்து 100 கிராம் பொட்டலமாகப் போடுகிறேன். ஒவ்வொன்றின் எடையும் எக்ஸெலில் தானாகப் பதிவாக வேண்டும். எடையை உணரும் அலுமினியக் கட்டையான 5 கிலோ லோட் செல், எச்எக்ஸ்711 போர்டு, நிரல் ஏற்றி ஓட்டும் சிறு போர்டான ஆர்டுயினோ நானோ மூன்றையும் இணைத்துவிட்டேன். ஆனால் எடை 10, 15 கிராம் கூடிக் குறைந்து ஆடுகிறது. லோட் செல்லை நேராகவே கம்ப்யூட்டரில் செருக முடியாதா?

பதில்: முடியாது. 5 கிலோ முழுதாக வைத்தாலும் அந்த அலுமினியக் கட்டை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். அதைப் பெருக்கி எண்ணாக மாற்றத்தான் எச்எக்ஸ்711. வழியில் ஓர் இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தாலும் எடை தாவும். பின்களைச் சால்டர் வைக்காமல் ஓட்டையில் சும்மா செருகியிருந்தால், உங்கள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். லோட் செல்லின் வயர்கள் எச்எக்ஸ்711 போர்டில் சேர வேண்டிய இடம்: சிவப்பு ஈ+, கறுப்பு ஈ-, பச்சை ஏ+, வெள்ளை ஏ-. எடை வைத்ததும் எண் மைனஸில் போனால் பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றுங்கள்.

அடுத்த சந்தேகம் பொருத்தியிருக்கும் விதம். கட்டையின் ஒரு முனை மட்டும் அடிப்பலகையிலும், மறுமுனை மட்டும் மேல்தட்டிலும் பிடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வாஷர் கொடுத்து, நடுப்பகுதி எதிலும் உரசாமல் தூக்கிவிடுங்கள். உரசினால் எடையை எடுத்த பிறகும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கட்டையிலுள்ள அம்புக்குறி, தட்டு இருக்கும் முனையில், கீழ்நோக்கி இருக்கட்டும். நடுவில் பூசியிருக்கும் வெள்ளைப் பசையைச் சுரண்டாதீர்கள், அதற்கடியில்தான் உணரிகள். 100 கிராம் பொட்டலத்துக்கு 5 கிலோ செல் அதிகம், 1 கிலோ செல் போதும்.

மின்சாரம் கொடுத்துப் பத்து நிமிடம் விட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். போர்டு தரும் எண் வெறும் தட்டில் 84,200, ஒரு கிலோ படிக்கல் வைத்ததும் 5,04,200 என்று வந்தால், வித்தியாசத்தை 1000 ஆல் வகுத்த 420தான் அந்த எண்ணைக் கிராமாக மாற்றும் உங்கள் காரணி. 5 கிலோ செல்லுக்கு ஏறக்குறைய இந்த அளவில்தான் வரும். பாதிதான் வருகிறதென்றால் மறுபடி வாஷரைப் பாருங்கள். பத்து அளவுகளின் சராசரியை எடுத்தால் எண் அடங்கும்.

எக்ஸெலுக்கு நானோ தோதுப்படாது. அதை வைத்தால், அது எண்களை அனுப்பும் சீரியல் போர்ட்டைப் படிக்கக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு நிரல் ஓட வேண்டும். ப்ரோ மைக்ரோ போர்டு வாங்குங்கள். அதிலுள்ள சில்லு தன்னையே ஒரு கீபோர்டாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொள்ளும். அதில் ஒரு பட்டனை இணைத்து அழுத்தினால் எடையைத் தட்டச்சு செய்து என்டரும் கொடுத்துவிடும், கர்சர் அடுத்த கட்டத்துக்கு இறங்கும். பட்டன் கட்டாயம். இல்லாவிட்டால் எந்த விண்டோ முன்னால் இருந்தாலும் அதில் எண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கும், புது நிரலை ஏற்றுவதும் பெரும்பாடாகிவிடும்.

ஒன்று மட்டும்: இது உங்கள் கணக்குக்குத்தான். விற்பனைக்கு எடை போட, 2009 ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசுதான் வேண்டும்.